மனசை ஆற்றுவது எப்படி: கோபம், பதற்றம், ‘என்னால் முடியுமா’ என்ற சந்தேகம் – முழுமையான வழிகாட்டி

என் பாட்டி வெனிலா டீ போட்டால் அப்படியே தரமாட்டார். இரண்டு டம்ளரை எடுத்து, ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கி, மற்றொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து, நாலைந்து தடவை மாற்றி மாற்றி ஊற்றுவார். நுரை கட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் டம்ளர் எங்கள் கைக்கு வரும். மூடி வைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் சுடும் என்பார்.

தமிழில் டீயும் ஆறும், புண்ணும் ஆறும், கோபமும் ஆறும், மனசும் ஆறும். எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். மொரிஷியஸில் ஓர் ஆரம்பப் பள்ளியில் பல வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்கப் போய்த்தான் ஒரு விஷயம் எனக்கே உறைத்தது. வீட்டில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது அடக்குவதைத்தான். கோபத்தை அடக்கு, அழுகையை அடக்கு, வாயை அடக்கு. ஆற்றுவதை யாரும் சொல்லித் தரவில்லை. திறந்து வைத்து, காற்றுப் பட விட்டு, ஆனால் யார் மேலும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்கிற அந்தக் கைப்பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எட்டு மாதம் ஓர் ஆலோசகரிடம் போய்க் கற்றது, அதற்குப் பிறகு படித்தது, வீட்டிலும் வகுப்பிலும் செய்து பார்த்தது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது

கோபமோ பயமோ வந்தால் மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கை கால் தசை இறுகுகிறது, வாய் காய்கிறது. எதிர்த்து நிற்க அல்லது ஓடிப்போக உடம்பு தயாராகிறது. நாய் துரத்தும்போது இது உயிரைக் காப்பாற்றும். மேலதிகாரி அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்திக்கும் உடம்பு இதையேதான் செய்கிறது என்பதுதான் சிக்கல். அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்கிற பகுதிக்கு மூளையில் அதிக இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் ‘யோசித்துப் பேசு’ என்று அப்போது சொல்வதில் பயனில்லை. உடம்பு முதலில் இறங்கவேண்டும், யோசனை அதற்குப் பிறகுதான் வரும்.

படி 1: எந்த கிளாஸில் இருக்கிறோம் என்று பாருங்கள்

நம் தீவில் புயல் எச்சரிக்கை நாலு கிளாஸ். குழந்தைக்குக்கூடத் தெரியும். கிளாஸ் 1 என்றால் புயல் எங்கோ இருக்கிறது, கவனமாக இரு. கிளாஸ் 2, 3 என்று நெருங்கி வரும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசத் தொடங்கி, அது தொடரும் என்ற நிலை வந்தால் கிளாஸ் 4. கிளாஸ் 4-இல் யாரும் ஜன்னலுக்குப் பலகை அடிக்க வெளியே போவதில்லை. அந்த வேலையெல்லாம் 1-லும் 2-லும் முடிந்திருக்கவேண்டும்.

மனசுக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளாஸ் 1 என்ன? எனக்கு அது தாடையில் வரும், பல் கடிப்பேன். என் கணவருக்குக் காது சிவக்கும், பேச்சு சுருங்கும். சிலருக்கு வயிறு கலங்கும், சிலர் காரணமில்லாமல் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாரம் கவனித்து, உங்களுடைய நாலு கிளாஸையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உடம்பில் என்ன நடக்கிறது, வாயில் என்ன சொல் வருகிறது என்று எழுதினால் போதும்.

இந்தத் தாளின் பயன் ஒன்றுதான்: 2-க்கு மேல் போய்விட்டால் பேச்சுவார்த்தை கிடையாது. விவாதம் கிடையாது, மெசேஜ் கிடையாது, பிள்ளைக்குப் புத்தி சொல்வது கிடையாது. எங்கள் வீட்டில் என் மகன் இப்போது கதவில் நின்றபடி, “மம்மா, எந்த கிளாஸ்?” என்று கேட்கிறான். நான் “மூணு” என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுவான். பயந்து போவதில்லை. கதவையும் சாத்துவதில்லை.

இன்னொன்றையும் புயலிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். புயலின் கண் நம் தலைக்கு மேலே வரும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். வானம்கூடத் தெளியும். விஷயம் தெரிந்தவர்கள் அப்போதும் வெளியே போகமாட்டார்கள், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும். பெரிய சண்டைக்கு நடுவில் ஐந்து நிமிடம் அமைதி வரும் பாருங்கள், ‘சரி, இப்போது நிதானமாகப் பேசலாம்’ என்று தோன்றும் பாருங்கள், அது பெரும்பாலும் கண்தான். நான் வாழ்க்கையில் அனுப்பியிருக்கக்கூடாத செய்திகளை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அனுப்பியிருக்கிறேன்.

படி 2: உடம்பை ஆற்றுங்கள்

இது எளிது, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். விடுகிற நேரம் இழுக்கிற நேரத்தைவிட நீளமாக இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதை நீட்டினால் ‘ஆபத்து இல்லை’ என்ற சேதி உடம்புக்குப் போகிறது. பத்துத் தடவை செய்யுங்கள். தலை சுற்றினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இடத்தை விட்டு நகருங்கள். “எனக்கு இப்போது முடியவில்லை, அரை மணி நேரத்தில் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாமல் போனால் எதிரில் இருப்பவருக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். குறைந்தது இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் குளிர்ந்த நீர் அடியுங்கள், தெருமுனை வரை நடங்கள். ஆனால் நடந்துகொண்டே ‘அவள் எப்படி அப்படிச் சொல்லலாம்’ என்று ஓட்டிக்கொண்டிருந்தால் இருபது நிமிடமும் வீண். மூடி போட்டுக் கீழே தீயும் வைத்த மாதிரி.

‘தலையணையைக் குத்து, கோபம் போய்விடும்’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீர்கள். 2002-இல் பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கோபமூட்டப்பட்ட 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட ஆறியிருந்தார்கள்.

மூச்சுப் பயிற்சியைக் கோபம் வரும் நாளில் முதன்முதலாகச் செய்தால் வேலை செய்யாது. தைப்பூசக் காவடிக்கு யாராவது அன்று காலை எழுந்து தயாராவார்களா? பத்து நாள் விரதம் இருந்து, உடம்பையும் நாக்கையும் பழக்கி, அப்புறம்தான் காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோயில் படியேறுகிறோம். அதே மாதிரி, மனசு நன்றாக இருக்கும் நாளில் தினமும் ஐந்து நிமிடம். நான் ரோஸ் ஹில் வரை மெட்ரோவில் போகும்போது செய்கிறேன். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

படி 3: சரியான பெயர் வையுங்கள்

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் பிடி தளர்கிறது. 2007-இல் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் உணர்ச்சி காட்டும் முகங்களைச் சிலருக்குக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். அந்த உணர்ச்சியை ஒரு சொல்லால் குறிப்பிட்டபோது, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது.

சொல்லுக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை. எரிச்சல் வேறு, ஆத்திரம் வேறு, ஆதங்கம் வேறு, மனத்தாங்கல் வேறு. மனத்தாங்கல் நெருங்கியவரிடம் மட்டும்தான் வரும். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆதங்கத்தில் ‘இப்படி ஆகியிருக்கலாமே’ என்ற ஏக்கம் இருக்கும். பதற்றம், கலக்கம், பதைப்பு, கவலை என்று பயத்தின் பக்கமும் அப்படித்தான். கோபம் என்று நினைத்தது மனத்தாங்கல் என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதும் மாறுகிறது. ஆத்திரத்துக்கு விலகி நிற்கவேண்டும், மனத்தாங்கலுக்குப் போய்ப் பேசவேண்டும்.

வாயில் முதலில் வருவது நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் என்றால் கிரியோலிலேயே சொல்லுங்கள். ‘மோ ஸ்ட்ரெசே’ (எனக்கு ஸ்ட்ரெஸ்) என்று தொடங்குங்கள். பிறகு, இது என்ன மாதிரி ஸ்ட்ரெஸ் என்று தமிழில் தேடுங்கள். இரண்டு மொழி இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி.

படி 4: கோபத்துக்கு அடியில் பாருங்கள்

2024 ஜனவரி 15, பெலால் புயல் நாள். போர்ட் லூயிஸில் வெள்ளம் ஏறி, தெருவில் கார்கள் மிதந்த வீடியோக்கள் வந்துகொண்டிருந்தன. என் கணவர் வேலைக்குப் போனது அந்த ஊருக்குத்தான். போன் அடித்தால் எடுக்கவில்லை. பிறகு அடிக்கவே இல்லை. நான் பூஜை அறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இரவு அவர் வந்து நின்றார். பேன்ட் முழங்கால் வரை சேறு, ஷூ கையில், உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் கட்டிப் பிடித்துக்கொண்டேனா? இல்லை. “ஒரு போன் பண்ணத் தெரியாதா?” என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை. ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு அங்கேயே நின்றார். போன் வெள்ளத்தில் போய்விட்டது என்று மறுநாள்தான் சொன்னார். அவ்வளவு நேரம் என்னை உலுக்கியது பயம். அவர் பத்திரமாக வந்த நொடியில் அது போக இடம் தெரியாமல் கோபமாக வெளியே வந்துவிட்டது.

உங்கள் கோபத்துக்கு அடியிலும் பெரும்பாலும் வேறொன்று இருக்கும். பயம், அவமானம், களைப்பு, யாரும் நம்மைக் கேட்கவில்லை என்ற வலி. ஆறிய பிறகு உங்களையே கேளுங்கள்: ‘இதில் எனக்கு எது வலித்தது? எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்?’ எளிய காரணங்களையும் விட்டுவிடாதீர்கள். பசியும் தூக்கமின்மையும் பாதிச் சண்டைக்குக் காரணம்.

பிறகு பேசுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். “நீ எப்போதும் இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். “ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள், ஒன்பது மணி ஆனது, எனக்குப் பதைத்துவிட்டது, தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றால் அவரால் பதில் சொல்ல முடியும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்ற இரண்டு சொற்களையும் வீட்டுச் சண்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கோபம் எல்லாம் தவறும் இல்லை. யாராவது உங்களை அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார்கள் என்றால் அந்தக் கோபம் சரியான எச்சரிக்கைதான். அங்கே ஆற்றவேண்டியது உங்கள் கை நடுக்கத்தை மட்டும். பாதுகாப்பான இடத்துக்குப் போய், உதவி கேளுங்கள்.

படி 5: பதற்றத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்

‘அதையே நினைக்காதே’ என்பது நல்ல மனசோடு சொல்லப்படும் மோசமான அறிவுரை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தள்ளத் தள்ள எண்ணம் திரும்பி வரும்.

அதற்குப் பதிலாகக் கவலைக்கு நேரம் ஒதுக்குங்கள். தினமும் மாலை ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், இருபது நிமிடம். படுக்கையில் வேண்டாம். பகலில் கவலை வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, ‘உனக்கு ஆறு மணிக்கு’ என்று சொல்லி வேலையைத் தொடருங்கள். ஆறு மணிக்கு அந்தக் குறிப்பை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள்: கையில் உள்ளது, கையில் இல்லாதது. புயலின் பாதை நம் கையில் இல்லை. மெழுகுவத்தி, பேட்டரி, குடிநீர், ஜன்னல் கொக்கி இவை நம் கையில் இருக்கின்றன. கையில் உள்ளவற்றில் ஒன்றை அன்றே செய்யுங்கள், சின்னதாகவாவது.

இங்கே எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுக்குக் காத்திருக்கிற மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றாகத்தான் வருகின்றன. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு வகையான மௌனம். ‘என்ன ஆகும்’ என்று பிள்ளையிடம் தினமும் கேட்காதீர்கள். ‘எப்படி வந்தாலும் அடுத்து என்ன வழி இருக்கிறது’ என்று ஒரே ஒரு மாலை உட்கார்ந்து இரண்டு மூன்று வழிகளை எழுதிவிடுங்கள். வழி எழுத்தில் இருந்தால் பயத்துக்கு ஒரு கரை இருக்கும்.

பதற்றம் தவிர்ப்பதில்தான் வளர்கிறது. மேடை பயம் என்று ஒரு தடவை விலகினால் நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியே அடுத்த தடவை பயத்தைக் கூட்டும். அதனால் படி படியாக நெருங்குங்கள். என் மாணவி ஒருத்திக்கு வகுப்பில் வாய் திறந்து படிக்கவே வராது. முதல் வாரம் என் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வரி. அடுத்த வாரம் பக்கத்துத் தோழிக்கு. பிறகு நாலு பேருக்கு. கை நடுங்குவது நிற்கும் வரை ஒரே படியில் இருந்தோம். சில படி மூன்று வாரம் எடுத்தது. நவராத்திரி விழாவில் அவள் இரண்டு நிமிடம் பேசினாள். தாள் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று தோன்றுகிற பீதி அலையும் சிலருக்கு வரும். அது பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருட்களை வாய்விட்டுப் பெயர் சொல்லி, மூச்சை நீட்டி விடுங்கள். ஆனால் முதல் தடவை வந்தாலோ, நெஞ்சு வலி கைக்குப் பரவினாலோ, பீதிதான் என்று நீங்களே முடிவு கட்டாமல் மொரிஷியஸில் சாமு ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள். காபியைக் குறைப்பதும் உதவும்.

படி 6: ‘நான் லாயக்கில்லை’ என்ற குரல்

இதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி அதிகம். பல வருடம் முன்பு ஒரு தமிழ் விழாவில் பேசினேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர் மேடையிலேயே, “உங்கள் தமிழில் பிரெஞ்சு வாடை அடிக்கிறது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஒரு வருடம் நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. வகுப்பில் ‘ழ’ சொல்லும்போதுகூட நின்று யோசித்தேன். நாங்கள் கடையில் நீட்டும் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் வீட்டில் கிரியோல், வேலையில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழைப் பள்ளியிலும் கோயிலிலும் கற்றவர்கள் நாங்கள். என் தமிழ் தமிழ்தானா என்ற சந்தேகம் உள்ளே ஏற்கெனவே இருந்தது. அவர் அதைத் தொட்டுவிட்டார், அவ்வளவுதான்.

1978-இல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் ‘நான் இதற்குத் தகுதியில்லாதவள், ஒருநாள் பிடிபட்டுவிடுவேன்’ என்று உள்ளுக்குள் நடுங்குவதைப் பற்றி எழுதினார்கள். அப்படியென்றால் இது திறமை இல்லாததன் அடையாளம் இல்லை. திறமை உள்ளவர்களிடமும் தாராளமாக இருக்கிறது.

என் ஆலோசகர் தந்த பயிற்சி இது. தாளை மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் அந்தக் குரல் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: ‘எனக்குத் தமிழ் வராது’. இரண்டாவதில் அதற்கு ஆதரவான உண்மைகள். கருத்து வேண்டாம், உண்மை மட்டும். நான் எழுதியது: ‘ஒருவர் மேடையில் சொன்னார். சில சொற்களைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி அழுத்துகிறேன்.’ மூன்றாவதில் எதிரான உண்மைகள்: ‘எழுத்தே தெரியாமல் வந்து, வாசிக்கத் தெரிந்து போன பிள்ளைகள் இத்தனை பேர். போன வாரம் பாட்டியின் கடிதத்தை ஒரு பையன் தானே படித்தான்.’ பிறகு இரண்டையும் பார்த்து, நியாயமான ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வந்த வரி: ‘என் உச்சரிப்பில் திருத்த வேண்டியது இருக்கிறது, நான் நல்ல ஆசிரியை.’ இந்த வரியில் இரண்டாவது பத்தியையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் ‘நான் சிறந்தவள்’ என்று எழுதியிருந்தால் மனசு நம்பியிருக்காது.

இதே தப்பை உங்கள் தங்கை செய்திருந்தால் அவளிடம் எந்தக் குரலில் பேசுவீர்களோ, அந்தக் குரலில் உங்களிடம் பேசிப் பாருங்கள். கேலியைச் சேர்த்து வைக்காமல், விவரமான கருத்தைத் தேடிப் போங்கள். நான் ஒரு மூத்த ஆசிரியரிடம் போய், “ஐயா, எந்த மூன்று ஒலியை நான் திருத்தணும்?” என்று கேட்டேன். மூன்றைச் சொன்னார். ஆறு வாரத்தில் திருத்தினேன். தைரியம் வந்த பிறகு மேடை ஏறலாம் என்று காத்திருந்தால் இன்னும் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்.

படி 7: தனியாக முடியாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போயிருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், மதுவில்தான் ஆறுகிறது என்றால், ஆலோசனைக்குப் போங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள், 114-ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நம் அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார மையங்களிலும் சிகிச்சை இலவசம்.

கோயிலுக்குப் போய் அழுதால் மனசு ஆறும். எனக்கும் ஆறியிருக்கிறது. ஆனால் ‘கண் பட்டிருக்கிறது, எலுமிச்சம்பழம் சுற்றினால் சரியாகும்’ என்று சொல்லி ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் செய்யலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

போய் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் போவதில்லை. இதை எழுதி எடுத்துப் போங்கள்: ‘இத்தனை வாரமாக இப்படி இருக்கிறது. இத்தனை மணி நேரம்தான் தூங்குகிறேன். இந்த வேலையைச் செய்ய முடியவில்லை.’ படி 1-இல் எழுதிய தாள் இருந்தால் அதையும் கொடுங்கள். பேச்சு வராவிட்டால் தாளை நீட்டினாலே போதும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அக்காவையோ நண்பரையோ கூட்டிப் போங்கள். அவர் உள்ளே வரவேண்டும் என்றுகூட இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். நான் முதல் நாள் போனபோது என் கணவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.